சேஷு சாரின் நைட்ரஜன்

சேஷு வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டான் என்பதை அவன் பெண் பார்க்க வந்த அன்றே வைஜயந்தி புரிந்துகொண்டிருக்க வேண்டும். பஜ்ஜியைக் கையில் பிடித்துக்கொண்டே, அதற்குள் இருந்த உருளைக்கிழங்கு விளைய என்னென்ன உரம் வேண்டும் என்று அவளுடைய அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தான். பஜ்ஜி ஆறி, எண்ணெய் விரலில் வழிந்து, முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி. "விஷயம் தெரிஞ்ச பையன்" என்றார். திருச்சியில் அத்தனை பையன்கள் இருக்க, புனேயிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவனைப் பிடித்து அவள் தலையில் கட்டினார்கள்.

சேஷு பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில், வானவடி. அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர். தமிழ் பேசுவான், ஆனால் நடுவில் இந்தி வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். படிக்கவே வராது. ஊர்ப் பக்கம் கோயிலுக்குப் போனால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளைத்தான் கேட்பான். அவள் படித்துச் சொன்ன மறு நிமிஷம் அந்தக் கோயிலைப் பற்றி அவளுக்கே பாடம் எடுப்பான்.

விவசாயப் பட்டம் வாங்கியதும் ஓர் உரக் கம்பெனியில் சேர்ந்தான். கரும்புக்காரர்களைக் கூட்டிவைத்து, மண்ணுக்குப் பசி, பசித்தவனுக்குப் பாதிச் சோறு போடாதே என்று தன் வானவடி மராட்டியில் முழங்குவான். ஒரு மூட்டை யூரியா போட்டவன் இரண்டு மூட்டை போட்டான். கரும்பு கருகருவென்று நின்றது, கம்பெனி இவனுக்குக் கேடயம் கொடுத்தது. பிறகு சொட்டு நீர்க் கம்பெனி. அங்கே போனதும், மூட்டையாகக் கொட்டுவது முட்டாள்தனம், கரைத்துக் குழாயில் விடு என்றான். கொட்டச் சொன்னவனே இவன்தான் என்பது இவனுக்கே மறந்துபோயிருந்தது. அதற்கும் பிறகு ஒரு தொண்டு நிறுவனம். அங்கே யூரியாவே விஷமாகிவிட்டது, சாணிதான் அமிர்தம். ஒவ்வொரு தடவையும் புது விசிட்டிங் கார்டு, புதுச் சட்டை, புதுச் சொற்பொழிவு. இதில் கொடுமை என்னவென்றால் அவன் பொய்யே சொல்லமாட்டான். எதைச் சொன்னாலும் அந்த நேரத்துக்கு மனதார நம்பித்தான் சொல்வான். பொய்யனாக இருந்தால் வைஜயந்தி கொஞ்சம் மரியாதையாவது கொடுத்திருப்பாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் குடித்தால் மூட்டுவலி வராது என்றான். வாங்கிய பாட்டிலில் பச்சையாகக் களிம்பு படிந்து அவளுக்கு வாந்திதான் வந்தது. சமையலறைக் கழிவை வீட்டுக்குள்ளேயே உரமாக்கலாம் என்று ஒரு டிரம் கொண்டுவந்தான். வானவடி ஃப்ளாட்டில் புழு படியிறங்கி வந்து கீழ்வீட்டுக் கர்னல் கதவைத் தட்டியது. டிரம்மை இறக்கும்போதுகூட, தப்பு டிரம்மின் மேல் இல்லை, ஈரப்பதத்தின் மேல் என்று கர்னலுக்கு விளக்கிக்கொண்டே இறங்கினான். கராடியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்து, ஆறு தேசத்துக்காரர்களைப் போனிலேயே கட்டி மேய்த்த வைஜயந்திக்கு அன்றுதான் ஓர் எளிய வழி பிடிபட்டது. சேஷு எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்துவிட வேண்டியது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒரே ஒரு தடவை அந்த வழியை விட்டாள். புனேக்கு வெளியே தளேகாவுக்குக் குடிபோகலாம், காற்று சுத்தம், குழந்தைக்கு நல்லது என்றான். அப்போது தேஜஸ் வயிற்றில் இருந்தான். அவளுக்கு எதிர்த்துப் பேசவும் தெம்பில்லை. ஊரைத் தாண்டி, ஒரு சரிவின் அடிவாரத்தில் வரிசை வீடுகள். மேலே ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களான பாலிஹவுஸ்கள், அதற்கு அந்தப் பக்கம் எருமைத் தொழுவங்கள். முனிசிபல் தண்ணீர் கிடையாது. காலனிக்கு ஒரு போர்க் கிணறு, வீட்டுக்கு வீடு கிருமியைக் கொல்லும் விளக்கு வைத்த ஃபில்டர். வந்த முதல் வாரமே சுத்தமான காற்றில் கண் எரிந்தது. கேட்டால், "அது அமோனியா, வைஜு. மேல சாணி ஸ்லரி விடறா இல்ல? மத்லப், அதாவது, நைட்ரஜன் காத்துல வேஸ்ட் ஆறது" என்றான், ஏதோ தன் வீட்டுத் தோட்டத்து மல்லிகை வாசனையைச் சொல்கிறவன் மாதிரி.

தன் வீட்டுச் சமாசாரம்தான். அந்த ஸ்லரியைக் கொண்டுவந்து விட்டவனே அவன். தொழுவத்துக்காரர்கள் சாணியையும் மூத்திரத்தையும் கழுவி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு கெடுகிறது என்று ஒரு துறை கத்தியது. யூரியாவைக் குறையுங்கள் என்று இன்னொரு துறை கத்தியது. சேஷுவின் தொண்டு நிறுவனம் இரண்டையும் முடிச்சுப் போட்டது: ஆற்றில் விடாதே, கரைசலாக்கி ரோஜாவுக்கு விடு. ஆற்றுத் துறைக்குச் சந்தோஷம், விவசாயத் துறைக்குச் சந்தோஷம், தொழுவத்துக்காரனுக்குத் தொல்லை விட்டது. வருஷம் முழுக்கச் சாணி வந்துகொண்டிருந்ததால் ரோஜாவுக்கு வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை; மழையிலும் விட்டார்கள். இந்தச் சாதனைக்காகத்தான் பாணேர் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சேஷுவைக் கூப்பிட்டு, நைட்ரஜன் மாசைக் குறைப்பதற்கான ஒருங்கிணைந்த கொள்கையை எழுதும் குழுவில் உட்காரவைத்தது.

ஒருங்கிணைந்த என்ற சொல் வந்ததிலிருந்து வீட்டில் இருக்க முடியவில்லை. காற்று, தண்ணீர், மண், மாடு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமாம். ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் பீறிட்டுக்கொண்டு வருமாம். பெண்டாட்டி ஒரு கையில் பால் பாட்டிலும் மறு கையில் அழும் குழந்தையுமாக நிற்பதை மட்டும் இவனால் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல், மூன்றாம் மாதத்திலிருந்தே மாவுப் பால்தான்.

வைஜயந்திக்கு ஒரே ஆறுதல் பக்கத்து வீட்டுச் சந்திரிகா. கோயம்புத்தூர்ப் பெண். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானத்தில் இவள் அங்கே போய்ச் சேஷுவைப் போலவே நடித்துக் காட்டுவாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, ஒரு விரலை உயர்த்தி, "நைட்ரஜன் இருக்கே, மத்லப், அது எங்கயும் போறதில்ல, இடம்தான் மாத்தறது" என்பாள். சந்திரிகா பிரசவத் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பாள். "போதும்ங்கக்கா, வயிறு பிஞ்சிரும்" என்பாள். குழந்தை வளர்ப்பில் அவளுக்கு வைஜயந்திதான் குரு. பால் பாட்டிலை எப்படிக் கொதிக்கவைப்பது, தண்ணீரை எப்படிக் காய்ச்சுவது, எல்லாம் இவள் சொல்லிக்கொடுத்ததுதான். "சும்மா ஒரு கொதி வந்தா போறாது. பாதியா சுண்டணும். எங்காத்துல அப்படித்தான். ஒரு குழந்தைக்கும் வயத்துக்கு ஒண்ணும் வந்ததில்லை."

ஒரு நாள் சாயங்காலம் சேஷு வழக்கத்துக்கு மாறாக முகம் வெளிறி வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பை டிவியில் மாட்டினான்.

"வைஜு, சுனோ. நீ இதப் பாக்கணும்."

"பாட்டில் கழுவிண்டிருக்கேன். சொல்லு, காது இங்கதான் இருக்கு."

சொன்னான். எங்கிருந்து ஆரம்பித்தான் தெரியுமா? நாம் மூச்சு விடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் என்பதிலிருந்து. பிறகு அதை உரமாக்கிய கதை. பிறகு தேசத்தின் யூரியா. திரையில் வளைவு வளைவாக அம்புகள் ஓடின. வைஜயந்தி தேஜஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஏப்பத்துக்காகத் தட்டியபடி இரண்டு நிமிஷம் நின்றாள். மூன்றாவது அம்பில் சமையலறைக்குப் போய்விட்டாள். போனை எடுத்துச் சந்திரிகாவுக்கு "இன்னிக்கு டிவியிலயே போடறான்" என்று அனுப்பினாள். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

அவன் குரல் ஹாலில் ஓடிக்கொண்டே இருந்தது. குழுவில் தண்ணீர்ப் பகுதியைப் பார்க்கிற சுஷ்மா என்ற மராட்டிப் பெண் அன்று தன் வரைபடத்தைக் கொண்டுவந்தாளாம். இவன் ஸ்லரி விட்ட வயல்களின் படத்தின் மேல் அதை வைத்தாளாம். போர்களில், ஸ்லரியிலிருந்து மண்ணுக்குள் கரைந்து இறங்கும் நைட்ரேட் ஏறிய இடமெல்லாம் சிவப்புப் புள்ளியாம். புள்ளிகள் சரிவோடு இறங்கி, அடிவாரத்தில் வந்து கூடி நின்றனவாம். இந்த இடத்துக்கு அவன் வந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

கடைசியில் அவனே சமையலறை வாசலில் வந்து நின்றான். அடுப்பில் குழந்தைக்கான தண்ணீர் எவர்சில்வர் பாத்திரத்தில் தளதளவென்று சுண்டிக்கொண்டிருந்தது.

"இதக் காய்ச்சாதே, வைஜு. காய்ச்சினா இன்னும் மோசம். தண்ணி போயிடும், நைட்ரேட் அப்படியே இருக்கும். மத்லப், கான்சன்ட்ரேட் ஆறது."

வைஜயந்திக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. எத்தனையோ கேட்டிருக்கிறாள், இது எல்லாவற்றுக்கும் மேல்.

"காய்ச்சின தண்ணி குழந்தைக்கு ஆகாது. பச்சைத் தண்ணியா குடுக்கட்டுமா? இதையும் உன் கொள்கையில சேத்துக்கோ."

"பச்சைத் தண்ணியும் வேணாம். ஜார் வாங்கிண்டு வரேன்."

மறுநாள் காலையில் இருபது லிட்டர் ஜார்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பாத்திரத்தைப் பிடுங்கிக் கொட்டவில்லை, சண்டை போடவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாலே அது நடந்துவிட்டது என்று நினைக்கும் ரகம் அவன். அந்த ரகம்தான் குழுக்களில் உட்காருகிறது. சாயங்காலமே டில்லிக்குப் பறந்தான். கொள்கை அறிக்கையை அங்கே பெரிய ஓட்டலில் வெளியிடுகிறார்களாம்.

வைஜயந்தி ஜார்களைப் பார்த்தாள். மூடியில் தூசி. எந்தப் போரில் பிடித்ததோ, எவன் கை பட்டதோ. அதைக் குழந்தைக்குக் கொடுக்க அவளுக்குப் பைத்தியமா? வாங்கியதை வீணாக்க வேண்டாமே என்று அதில் தனக்குக் காபி போட்டுக்கொண்டாள், ரசம் வைத்தாள், குடித்தாள். குழந்தைக்குப் போர்த் தண்ணீரைப் பிடித்து, இவன் சொன்னானே என்பதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, மாவைக் கரைத்துக் கொடுத்தாள்.

தேஜஸ் முதலில் பாலைக் கக்கினான். பிறகு எப்போதும் தூங்கியபடியே கிடந்தான். சேஷு டில்லியிலிருந்து திரும்ப வேண்டிய அன்று காலை, ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்தபோதுதான் பார்த்தாள். உதட்டைச் சுற்றி ஈயப் பாத்திரத்தின் நிறம். நகங்களிலும் அதே நிறம். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. துண்டோடு சுருட்டிக்கொண்டு காரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். நிறம் மாறவில்லை. இதயமா, நுரையீரலா என்று ஆளாளுக்கு ஓடினார்கள். வயதான ஒரு பெண் டாக்டர் வந்தாள். குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் துணியில் விட்டு, வைஜயந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரத்தம் சிவப்பாக இல்லை. காபி டிகாக்‌ஷன் மாதிரிப் பழுப்பாக இருந்தது. அப்படியே சிவக்காமல் காய்ந்தது.

"எங்கே இருக்கீங்க? போர்த் தண்ணியா?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஆமாம். ஆனால் நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்" என்றாள் வைஜயந்தி. அந்த நேரத்திலும் ஒரு பெருமை குரலில் இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"பாதியாகச் சுண்டும் வரை."

டாக்டர் அந்தத் துணியை மடித்தாள். நர்ஸிடம் ஏதோ ஊசி மருந்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணி போயிடும், நைட்ரேட் அப்படியே இருக்கும் என்று சேஷு சொன்னது வைஜயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. நல்ல தண்ணீரைத் தான் குடித்துவிட்டு விஷத்தைச் சுண்டவைத்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள்.

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்திலேயே தேஜஸின் உதடு வெளுத்து, மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்தது. பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

சேஷு விமான நிலையத்திலிருந்து நேரே வந்தான். கழுத்தில் இன்னும் மாநாட்டு அட்டை தொங்கியது. தோள்பையில் கனமான அறிக்கை. மேடையில் யாரோ தூவியிருந்த ரோஜா இதழ் ஒன்று சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் வைஜயந்தி தயாரானாள். சொல்லப் போகிறான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பித்து, காற்றில் முக்கால் பங்கிலிருந்து வருவான். வரட்டும். இந்தத் தடவை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அவன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்த குழந்தையைப் பார்த்தான்.

"என் ஸ்லரிதான், வைஜு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். டாக்டர் வந்தபோதும் அதையே இந்தியில் சொன்னான்: தண்ணீர் எதனால் கெட்டது என்று தனக்குத் தெரியும், வீட்டில் சரியாகச் சொல்லவில்லை, தப்பு தன்னுடையது. ஜாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜாரில் பாதி காலியாகிக் கிடப்பதை வீட்டுக்குப் போனால் பார்க்கத்தான் போகிறான். வைஜயந்தி திருத்தவில்லை. அவன் ஏற்றுக்கொண்டதை அவனிடமே விட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவனை எத்தனை விதமாக இளக்காரம் செய்திருக்கிறாள். இவ்வளவு கேவலமாக அவள் எப்போதும் நடந்துகொண்டதில்லை.

பிறகு அவன் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, யாரும் கேட்காமல் பாடத்தை ஆரம்பித்துவிட்டான். ஆற்றைக் காப்பாற்றினோம், வயலைக் காப்பாற்றினோம், நடுவில் நிலத்தடித் தண்ணீர் யார் கணக்கிலும் வரவில்லை. டில்லியில் அதை ஓர் அத்தியாயமாகப் போட்டோம், எல்லோரும் கைதட்டினார்கள். சரிவில் இருக்கும் ஒரு வீட்டுக்கும் போய் ஒருத்தரும் சொல்லவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வைஜயந்தி முதல் தடவையாகக் கடைசிவரை கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சந்திரிகா!

வெளியே ஓடிவந்து போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா, தேஜஸ் எப்படி இருக்கான்? காலைல கார் போனதப் பாத்துப் பதறிட்டேன்."

"பொழைச்சுட்டான். சந்திரிகா, நான் சொல்றதக் கேளு. குழந்தைகளுக்கு அந்தத் தண்ணியக் குடுக்காதே. காய்ச்சாதே. காய்ச்சினா இன்னும் மோசம்."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று சிணுங்கியது. பிறகு சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை, பிரியமான, பழகிய சிரிப்பு.

"அய்யோ அக்கா, இந்த நேரத்துலயும் சேஷு சார் மாதிரியே பேசிக் காட்டறீங்களே!"

"விளையாடல, சந்திரிகா. தண்ணில நைட்ரேட் இருக்கு. அது மேல தோட்டத்துலேர்ந்து மண்ணுக்குள்ள இறங்கி..."

அவள் விளக்க ஆரம்பித்தாள். ஸ்லரி, மழை, சரிவு, போர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துச் சத்தம் மாறியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாயிற்று. பாத்திரம் நகர்கிறது. குழாய் திறக்கிறது. நடுநடுவே தூரத்திலிருந்து ஒரு "ம்ம்". அந்த "ம்ம்" எப்படிப்பட்டது என்று வைஜயந்திக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரின் 'டிக்' கேட்டது.

போனை வைத்தாள். உள்ளே போய்ச் சேஷுவிடம், "நீ இவன் பக்கத்துலயே இரு, எங்கயும் நகராதே" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

காலனி வரை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டக்கூட இல்லை. தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அடுப்பில் தண்ணீர் அவள் சொல்லிக்கொடுத்தபடியே பாதிக்குச் சுண்டியிருந்தது. மேடையில் இரண்டு பாட்டில்களும் மூடி கழற்றித் தயாராக நின்றன. கைத்துணியைத் தேடாமல் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. விரல்கள் தீய்ந்தன.

"அக்கா! என்னாச்சுங்க உங்களுக்கு?"

வைஜயந்தி திரும்பினாள். சந்திரிகா ஒரு குழந்தையை மார்போடு அணைத்து இரண்டடி பின்வாங்கி நின்றாள். புருவம் லேசாக உயர்ந்திருந்தது. உதட்டோரத்தில், மரியாதைக்காக அடக்கிய ஒரு சிரிப்பு. பாவம், இந்த அக்காவும் இப்படி ஆகிவிட்டாளே என்கிற பார்வை. வைஜயந்திக்கு மிக நன்றாகத் தெரிந்த பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய சொந்தக் கண்ணிலேயே குடியிருந்தது. எதிரில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

"உக்காரு, சந்திரிகா" என்றாள் எரியும் கையைக் குழாயில் பிடித்துக்கொண்டு. "முதல்லேர்ந்து சொல்றேன்."